கடலில் விட்ட நங்கூரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊர் என்னுடையது. சின்ன வயதில் தாய்மாமனோடு சிப்பி எடுக்கப் போய் முங்கப் பழகினேன். சிப்பிப் பாறைகளின் இடுக்குகளில் யாரோ விட்டுப்போன நங்கூரங்கள் கிடக்கும். அதில் ஒன்றை ஒருநாள் கரைக்குக் கொண்டுவந்தேன். அங்கே தொடங்கிய பழக்கம் இது. இப்போது பக்கத்து ஊர்களில் யாருக்கு நங்கூரம் போனாலும் எனக்குப் போன் வருகிறது. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் இங்கே எழுதிப் போடுகிறேன்.

நம் பக்கம் மட்டும் ஏன் இத்தனை நங்கூரம் போகிறது?

நம் கடலின் அடி அப்படி. மணலும் சேறும் உண்டுதான். ஆனால் மீன் நிற்பது பாரில். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. கலவாவும் விளமீனும் சிங்கி இறாலும் பாரைவிட்டு அகலாது, ஆகவே வள்ளக்காரரும் பாருக்கு மேலேயே நங்கூரம் போடுகிறார். மணலில் குத்திய நங்கூரம் இழுத்தால் வரும். பாறைப் பொந்துக்குள் கொக்கி நுழைந்துவிட்டால் வராது.

இன்னொன்று கயிறு அறுவது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மாறமாற வள்ளம் சுற்றும், கயிறு பாறை விளிம்பில் உரசும். காலையில் எழுந்து இழுத்தால் பாதிக் கயிறு மட்டும் கையில் வரும். மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்: நங்கூரத்தைச் சங்கிலியோடு இணைக்கும் ஷேக்கிள் கொளுவியின் ஊசி தானாகக் கழன்றுவிடுவது. நான் எடுத்த நங்கூரங்களில் கயிறும் இல்லாமல், சங்கிலியும் இல்லாமல், வளையம் மட்டும் பளிச்சென்று இருந்தவை நிறைய. அவை பாறையிலும் சிக்கவில்லை, கயிறும் அறவில்லை. உடமைக்காரர் என்னிடம் "பாறையில் மாட்டிக்கிட்டுது" என்பார். சரி என்று கேட்டுக்கொள்வேன்.

வேண்டுமென்றே வெட்டிவிடுவதும் உண்டு. காற்று திடீரென்று திரும்பினால் நங்கூரம் தூக்க நேரம் இருக்காது. கயிற்றை வெட்டிக் கரைக்கு ஓடுவதுதான் புத்தி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்துபோன பிறகு இதை எங்கள் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

அண்ணே, கயிறு அறுந்ததும் ஜி.பி.எஸ்.ஸில் புள்ளி போட்டுவிட்டேன். அந்த இடத்தில் முங்கினால் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. தம்பிமார் ஏமாறுவது இங்கேதான். நீங்கள் போட்ட புள்ளி வள்ளம் நின்ற இடம், நங்கூரம் கிடக்கும் இடம் வேறு.

கணக்குப் பாருங்கள். தண்ணீர் 20 மீட்டர் ஆழம். 60 மீட்டர் கயிறு விட்டிருக்கிறீர்கள். காற்றிலும் நீவாட்டிலும் கயிறு விறைத்து நின்றால், வள்ளத்துக்கும் நங்கூரத்துக்கும் கிடைமட்டத் தூரம் சுமார் 57 மீட்டர். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்தான் இது. அதோடு கருவியின் பிழை சில மீட்டர், அறுந்ததைக் கவனித்துப் பொத்தானை அமுக்குவதற்குள் வள்ளம் நீவாட்டோடு ஒழுகிப்போன தூரம் இன்னும் கொஞ்சம். ஆக, புள்ளிக்கு நேர் கீழே முங்குகிறவருக்கு மணல்தான் தெரியும்.

ஆகவே எனக்குப் போன் செய்யும்போது புள்ளியோடு இன்னும் மூன்று விஷயம் சொல்லுங்கள். எவ்வளவு கயிறு விட்டிருந்தீர்கள், அப்போது அணியம் (வள்ளத்தின் முன்முனை) எந்தத் திசையைப் பார்த்து நின்றது, அறுந்து எவ்வளவு நேரம் கழித்துப் புள்ளி போட்டீர்கள். அணியம் பார்த்த திசையில்தான் நங்கூரம் கிடக்கும். இவை தெரிந்தால் தேடவேண்டிய இடம் ஒரு வீட்டு முற்றம் அளவுக்குச் சுருங்கிவிடும். தெரியாவிட்டால் பள்ளிக்கூட மைதானம்.

நங்கூரம் போடும்போதே, கல் தரை தொட்ட அந்தக் கணத்தில், ஒரு புள்ளி போட்டு வைப்பது இன்னும் மேல். அப்போது வள்ளம் நங்கூரத்துக்கு நேர் மேலே இருக்கும். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் செய்வதில்லை.

கணிச்சம் என்கிறீர்களே, அது என்ன?

ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பு எங்கள் தாத்தாமார் பாரைக் கண்டுபிடித்த முறை. கரையில் தெரியும் இரண்டு பொருளை எடுத்துக்கொள்வார்கள், ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில். கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒரு மலை முகடு வந்து நிற்கிறது என்று வையுங்கள். அப்படி நிற்கும்வரை நீங்கள் ஒரு நேர்கோட்டில் இருக்கிறீர்கள். வள்ளம் பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலும் கோபுரம் முகட்டைவிட்டு நகர்ந்துவிடும். பிறகு வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி: கலங்கரை விளக்கம், அதற்குப் பின்னால் ஒரு குன்று. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பார்.

இதில் சில சூட்சுமம் உண்டு. கிட்டே இருப்பதற்கும் தூரத்தில் இருப்பதற்கும் இடைவெளி கூடக்கூட கணிச்சம் கூர்மையாகும். இரண்டு கோடும் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்ட வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாகப் போனால் பிழை நீளவாக்கில் இழுக்கும். நம் மாவட்டம் இதற்குக் கொடுத்துவைத்தது. கடலில் இருந்து பார்த்தால் மருந்துவாழ்மலையும் வேளிமலையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகளும் வரிசையாகத் தெரியும். ஊருக்கு ஊர் உயரமான கோபுரமும் உண்டு. வேறு பல கடற்கரைகளில் பனைமரத்தைத் தவிர எதுவும் கிடையாது.

இதற்கும் கேடு வரும். மாமா ஒரு பாருக்கு ஒற்றைத் தென்னையைக் கணிச்சமாக வைத்திருந்தார். மரக்காரர் அதை வெட்டிவிட்டார். மாமா அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. மரக்காரருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை.

மூடுபனியிலும் மழையிலும் கணிச்சம் உதவாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கயிறு அறுந்த நிமிஷத்தில் கரையைத் திரும்பிப் பார்த்து இரண்டு ஜோடியை மனசில் பதித்துக்கொண்டவரின் நங்கூரம் எனக்குச் சீக்கிரம் கிடைக்கிறது. இப்போதெல்லாம் செல்போனில் கரையைப் படம் எடுத்தே அனுப்பச் சொல்கிறேன். அதுவும் கணிச்சம்தான்.

முங்காமல் எடுக்க வழி இல்லையா?

உண்டு. கிணற்றில் வாளி விழுந்தால் பாட்டி பக்கத்து வீட்டில் பாதாளக் கரண்டி இரவல் வாங்குவாரே, அதே வேலைதான். நாலைந்து கொக்கியுள்ள கம்பியைச் சங்கிலியில் கட்டி, நங்கூரம் கிடக்கும் இடத்துக்குக் குறுக்காக மெதுவாக இழுக்க வேண்டும். கொக்கி தேடுவது நங்கூரத்தை அல்ல, அதோடு கிடக்கும் கயிற்றை. கயிறு கிடக்கும் திசைக்குக் குறுக்கே போனால் மாட்டும், கூடவே போனால் மாட்டாது.

இங்கே கயிற்றின் ரகம் முக்கியம். பாலிப்ரோப்பிலீன் கயிறு தண்ணீரைவிட லேசானது, அறுந்தாலும் அடியில் இருந்து பாம்பு மாதிரி மேல்நோக்கி நின்று ஆடும். கொக்கிக்கு உடனே கிடைக்கும். நைலான் கயிறு அமிழ்ந்து பாறையோடு படுத்துவிடும். ஆனால் அந்த மிதக்கிற கயிறு ஆழம் குறைந்த இடத்தில் அடுத்தவர் புரொப்பெல்லரில் சுற்றும். அறுந்த கயிறு மேலே தெரிந்தால் ஒரு கேனைக் கட்டிவிட்டு வாருங்கள்.

பாரில் கரண்டி இழுத்தால் கரண்டியும் போகும். எனக்கு இரண்டு போயிருக்கிறது.

நங்கூரம் மாட்டிக்கொண்டது, கயிறு இன்னும் அறவில்லை. எஞ்சினை முடுக்கி இழுக்கலாமா?

முதலில் அவசரப்படாதீர்கள். நீங்கள் வந்த திசையில் கொக்கி நுழைந்திருக்கிறது, ஆகவே எதிர்த்திசையில் போய் இழுத்தால் பெரும்பாலும் வெளியே வரும். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, அரை வட்டமாகச் சுற்றி, மறுபக்கத்தில் இருந்து மெதுவாக இழுங்கள்.

கயிற்றை எப்போதும் அணியத்தில்தான் கட்ட வேண்டும். அமரத்திலோ (பின்முனை) பக்கவாட்டிலோ கட்டி எஞ்சினை முடுக்கினால் அலை ஏறும் நேரத்தில் வள்ளம் கவிழும். நைலான் கயிறு ரப்பர் போல நீளும், அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும். கயிற்றின் நேர்வரியில் யாரும் நிற்கக் கூடாது. முகத்தில் பட்டுக் கண்ணே போகலாம்.

கயிற்றைக் குட்டையாக்கி அணியத்தில் கட்டிவிட்டு அலை தூக்கும்வரை காத்திருப்பது பழைய உபாயம். அலை வள்ளத்தைத் தூக்கும்போது நங்கூரமும் பெயரும். லேசான அலையில் பலன் தரும். பெரிய அலையில் அணியம் தண்ணீருக்குள் போய்விடும். செய்யவேண்டாம்.

சக்திவாய்ந்த காந்தம் வாங்கிப் போட்டால் இரும்பு ஒட்டிக்கொண்டு வராதா?

யூடியூபில் ஆறுகளில் எடுக்கிறார்கள், பார்த்தேன். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணலில் காந்தத்தில் ஒட்டும் இல்மனைட் கனிமம் கிடக்கிறது. காந்தத்தைப் போட்டுத் தூக்கினால் கறுப்புத் தாடி முளைத்தது போல மணல் அப்பிக்கொண்டு வரும். உலோகம் கண்டுபிடிக்கும் கருவிக்கும் அதே மணல் தொல்லை. வீண் செலவு.

மூச்சுப் பிடித்து எவ்வளவு ஆழம் முங்கலாம்?

இந்தக் கேள்விக்கு எண்ணைச் சொன்னால் அதை இலக்காக வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கு: பழகியவர்கூட 10 மீட்டருக்குள், ஏறத்தாழ ஐந்தரைப் பாகம். அதற்கு மேல் என்றால் முறையாகப் பயிற்சி எடுத்த ஸ்கூபா ஆட்களைக் கூப்பிடுங்கள். ஸ்கூபாவிலும் முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான்.

ஆளைக் கொல்வது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கி விட்டால் ரொம்ப நேரம் தாங்கலாம் என்று பையன்கள் நம்புகிறார்கள். அப்படிச் செய்தால் உடம்பில் கார்பன்-டை-ஆக்சைடு குறைகிறது, ஆக்சிஜன் கூடுவதில்லை. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவதே கார்பன்-டை-ஆக்சைடுதான். அது குறைந்துவிட்டால் எச்சரிக்கை வராது. ஆள் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டே மேலே வருவார். மேலே வரவர அழுத்தம் குறைந்து, நுரையீரலில் மிச்சம் இருந்த ஆக்சிஜனும் பயன்படாமல் போய், கடைசி சில மீட்டரில் மயங்குவார். வலியும் இல்லை, போராட்டமும் இல்லை. மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் எங்களிடம் ஒரே சட்டம்: ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே முகம் நனைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து முங்கக் கூடாது. அடியில் இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு மேலே ஓய்வு. இடுப்பில் கத்தி கட்டாயம், ஏனென்றால் பாரில் நங்கூரம் இருக்கும் இடத்தில் அறுந்த வலையும் இருக்கும். தண்ணீருக்குள் வலை கண்ணுக்குத் தெரியாது, காலில் பட்ட பிறகுதான் தெரியும்.

டயர் கடைக் கம்ப்ரஸரில் குழாய் மாட்டி மூச்சு விடலாமா என்று போன மாதம்கூட ஒருவர் கேட்டார். கூடாது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு குழாய் வழியாக நேராக உங்களிடம் வரும்.

பொந்துக்குள் கையை விடாதீர்கள். அஞ்சாளை என்ற விலாங்கு போன்ற மீன் கடிக்கும். பாறையின் நிறத்திலேயே கிடக்கும் கல்மீனின் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள்.

கனமான நங்கூரத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். மேலே கொண்டுவருவது எப்படி?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். தண்ணீருக்குள் எடை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பது பொருளைப் பொறுத்தது. கல் நங்கூரம் 10 கிலோ என்றால் கடலுக்குள் 6 கிலோ சொச்சம்தான். இரும்பு அப்படி இல்லை, 10 கிலோ இரும்பு உள்ளேயும் 8.7 கிலோ இருக்கும். கல்லைத் தூக்கிப் பழகியவர் இரும்பைத் தூக்கப்போய்த் திணறுவது இதனால்தான். இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது: அதே எடைக்குக் கல்லைவிட இரும்பு கடலடியில் நன்றாக உட்காரும்.

50 கிலோ இரும்பு என்றால் உள்ளே 43, 44 கிலோ. ஒரு லிட்டர் காற்று கடல்நீரில் ஒரு கிலோவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும். ஆக 25 லிட்டர் கேன் இரண்டு போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் மூடிய கேனைக் கீழே கொண்டுபோனால் நடப்பது வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, கேன் நசுங்கிவிடும். கீழே வைத்துக் காற்று நிரப்பி மூடினாலோ மேலே வரும்போது காற்று இரட்டிப்பாக விரிந்து கேன் வெடிக்கும். அதனால் அடியில் காற்று நிரப்புவதாக இருந்தால் வாய் கீழ்நோக்கித் திறந்த கேனோ பையோதான் பயன்படுத்த வேண்டும். மேலே வரவர மிஞ்சும் காற்று குமிழியாக வெளியேறிவிடும். அப்படித் தூக்கும்போது நேர் மேலே யாரும் நிற்கக் கூடாது. கிளம்பும்போது சோம்பலாக வரும், பாதி வழியில் வேகம் பிடிக்கும்.

சின்ன வள்ளத்துக்கு நான் சொல்வது இன்னும் எளிய வழி. ஒரு பெரிய மிதவை, அதில் ஒரு இரும்பு வளையம். நங்கூரக் கயிறு அந்த வளையத்துக்குள் ஓடும்படி மாட்டிவிட்டு, கயிற்றை அணியத்தில் கட்டி, வள்ளத்தை மெதுவாக முன்னால் ஓட்டுங்கள். மிதவை பின்னால் இழுபட, கயிறு வளையத்துக்குள் ஓட, நங்கூரம் தானாக மேலேறி மிதவைக்குக் கீழே வந்து தொங்கும். பிறகு திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். முதுகு தப்பும். மிதவை நங்கூரத்தின் எடையைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறும்போது டிரம்மைக் கட்டி வைத்தால் கடலே தூக்கிவிடுமாமே என்று கேட்பார்கள். ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் ஊர்களில் சரி. நம் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் மார்ச் வரை. ஆனி ஆடியில் கடல் கலங்கி, முங்கினால் சொந்தக் கையே தெரியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் சும்மாதானே கிடக்கின்றன, அப்போது எடுக்கலாமே என்பார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்குத் தடைக்காலமும் கடல் கொந்தளிப்பும் ஒன்றாக வருவதால் அந்த யோசனை எங்களுக்கு உதவாது. சின்னமுட்டத்துக்காரருக்கு ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமும் கொஞ்சம் கிடைக்கும்.

துறைமுகத்துக்குள்ளும் முகத்துவாரத்திலும் அனுமதி இல்லாமல் முங்கவே கூடாது. விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடும் தடத்திலும் அப்படித்தான்.

கண்டெடுத்த நங்கூரம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்குத்தானே?

இல்லை. இதில்தான் எனக்கும் சில நண்பர்களுக்கும் சண்டை.

கடலில் விழுந்ததாலேயே ஒரு பொருள் அனாதை ஆகிவிடாது. உடமைக்காரரைத் தேடாமல் எடுத்துத் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவு, 2024 ஜூலையில் இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. கப்பலில் இருந்து வந்த பொருள் என்றால் கப்பல் சட்டப்படி அதற்கென்று உள்ள அரசு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். ஒரு நங்கூரமும் சங்கிலியும் கயிறும் சேர்ந்தால் வள்ளக்காரருக்கு அது பல நாள் பாடு. பழைய இரும்புக் கடையில் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு வேளைச் சோறு.

ஆளைக் கண்டுபிடிப்பது நினைப்பதைவிட எளிது. நாலு கொக்கி நங்கூரத்தை ஒவ்வொரு ஊர் வெல்டரும் ஒவ்வொரு மாதிரி ஒட்டுவார். கொக்கி வளைவைப் பார்த்தே இது இந்த ஊர்ப் பட்டறை என்று சொல்லிவிடலாம். சிலர் வள்ளத்தின் பதிவு எண்ணையோ பெயரின் முதலெழுத்தையோ தண்டில் வெல்டிங்கிலேயே எழுதி வைப்பார்கள். வளையத்தில் மிச்சம் இருக்கும் முடிச்சுகூடச் சாட்சி. ஒரு முடிச்சைப் பார்த்து "இது என் தம்பி கட்டுனது, அவன்தான் இப்படித் தப்புத் தப்பாக் கட்டுவான்" என்று ஒரு பெரியவர் நங்கூரத்தை வாங்கிக்கொண்டு போனார்.

என் வழக்கம் இது. படம் எடுத்து ஊர் வாட்ஸாப் குழுக்களில் போடுவேன். ஆனால் எடுத்த இடத்தையும் ஆழத்தையும் சொல்ல மாட்டேன். என்னுடையது என்று வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மைக்கிலும் அறிவிக்கச் சொல்வேன். மூன்று ஞாயிறு பார்ப்பேன். யாரும் வராவிட்டால்தான் என் வீட்டுப் பின்புறத்துக்குப் போகும். அதற்குப் பிறகு வந்து கேட்டாலும் கொடுப்பேன். ஒருவர் ஆறு வருஷம் கழித்து வந்தார். மனைவிக்குத்தான் எரிச்சல், அதன்மேல் துணி காயப் போட்டுப் பழகியிருந்தார்.

பழங்கால நங்கூரம் கிடைத்தால்? குளச்சல் போரில் டச்சுக்காரர் விட்டது இருக்குமா?

1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர் தோற்றதும், அவர்கள் தளபதி டிலனாய் பிடிபட்டதும் தெரிந்த கதை. அதனால் துருப்பிடித்த எதைத் தூக்கினாலும் "டச்சுக்காரன் நங்கூரம்" என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. இதுவரை என்னிடம் அப்படி வந்தவை எல்லாமே பிற்கால இரும்பு. ஒன்றில் வெல்டிங் தடம் இருந்தது.

வயதைக் கணிக்கச் சில அடையாளம் உண்டு. சங்கிலி பரவலானது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் தடித்த சணல் வடம்தான். ஆகவே பழைய கப்பல் நங்கூரத்தின் தலையில் வடம் கட்டுவதற்கான பெரிய வளையம் இருக்கும், பிற்காலத்தில் அந்த இடத்தில் ஷேக்கிள். கைகள் இரண்டும் வளைவில்லாமல் நேராக வந்து அடியில் கூராகச் சந்தித்தால் பழையது, வில்லாக வளைந்திருந்தால் பிந்தையது. குறுக்குத்தண்டு மரமாக இருந்திருந்தால் அது மட்கிப்போய் இடம் மட்டும் தெரியும்.

கல்லில் வேறு வகை. கட்டுமரத்துக்குப் போட்ட ஒற்றைத் துளைக் கல் நம் கரைகளில் சாதாரணம். தூண் போல நீண்ட கல்லில் மேலே ஒரு வட்டத் துளையும் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சதுரத் துளையும் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அரபிக்கடல் வாணிபத்தில் இடைக்காலத்தில் ஓடிய கப்பல்களின் கல் நங்கூரங்கள் அப்படித்தான் இருக்கும். குஜராத்தில் துவாரகை, பேட் துவாரகைக் கடலடியில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் இத்தகைய கல் நங்கூரங்களை நிறையக் கண்டிருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் தூக்காதீர்கள். படம் எடுங்கள், கணிச்சம் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்டது தொல்பொருள். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று: இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் அது எந்தக் கப்பலோடு கிடந்தது, என்ன சரக்கோடு கிடந்தது என்பது போய்விடும். பிறகு அது வெறும் கல். உருளையாக, உலோகமாக, என்னவென்று புரியாத எதையும் தொடவே வேண்டாம். வெடிபொருளாக இருக்கலாம், 1093க்குச் சொல்லுங்கள்.

எடுத்து வந்து காயவைத்தேன். ஒரு மாதத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஏன்?

காயவைத்ததுதான் தப்பு. கடலுக்குள் கிடந்த இரும்பின் நுண்துளைகளில் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். காற்றுப்பட்டதும் உள்ளிருந்து துரு வேகமாகக் கிளம்பி மேல்தோலை உரிக்கும். கரைக்கு வரும்போதே ஈரச் சாக்கைச் சுற்றி வாருங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். சின்ன நங்கூரத்துக்குச் சில மாதம் ஆகும், பொறுமை வேண்டும். மேலே ஒட்டி வளர்ந்த கொட்டலசையும் சிப்பியையும் ஈரத்தில் மரச்சுத்தியலால் தட்டினால் போதும்.

அவசரக்காரருக்கு மின்பகுப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் எதிர்முனை நங்கூரத்துக்கு, நேர்முனை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. முனை மாறினால் நங்கூரம் கரைந்துவிடும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, அதில் உள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். ஜிங்க் முலாம் பூசிய நங்கூரத்துக்கு இது ஆகாது, முலாம் போய்விடும்.

கடைசியில் நான் பூசுவது கடுக்காய்க் கஷாயம். கடுக்காயில் உள்ள டானின் துருவோடு சேர்ந்து கருநீலமாக ஒரு படலம் கட்டும். முன்காலத்தில் எழுதும் மை செய்த அதே வித்தை. காய்ந்த பிறகு எண்ணெயோ மெழுகோ ஒரு பூச்சு. கடையில் துருமாற்றி என்று விற்பதும் அநேகமாக இதே சங்கதிதான், விலை மட்டும் வேறு.

இனி போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஷேக்கிள் ஊசியின் கண்ணில் கம்பி கோத்து முறுக்குங்கள். ஒரு நிமிஷ வேலை, நான் எடுக்கும் நங்கூரங்களில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

பாரில் போடுவதாக இருந்தால் கயிற்றை நங்கூரத்தின் தலைவளையத்தில் நேராகக் கட்டாதீர்கள். அடிப்பக்கத்தில், கொக்கிகள் சேரும் இடத்தில் சங்கிலியைக் கட்டி, தண்டோடு கொண்டுவந்து தலைவளையத்தில் மெல்லிய நூல் கயிற்றால் மட்டும் பிணையுங்கள். சாதாரணமாக நங்கூரம் வழக்கம்போலப் பிடிக்கும். மாட்டிக்கொண்டால் ஓங்கி இழுக்கும்போது நூல் அறுந்து, இழுவை அடிப்பக்கத்துக்குப் போய், வந்த வழியே கொக்கி பின்னால் உருவிக்கொண்டு வரும். இரவு தங்கலுக்கு மட்டும் இது வேண்டாம். தூங்கும்போது நூல் அறுந்தால் வள்ளம் ஒழுகிவிடும்.

கொக்கியை மெல்லிய கம்பியில் செய்யச் சொல்லும் வழக்கமும் நல்லதுதான். மாட்டினால் கொக்கி நிமிர்ந்து வெளியே வரும், கரையில் தட்டி வளைத்துக்கொள்ளலாம். பட்டறையில் "நல்லாத் தடிமனாப் போடு" என்று சொல்பவரின் நங்கூரம்தான் கடைசியில் என்னிடம் வருகிறது.

நங்கூரத்துக்கு மேலே மூன்று நாலு மீட்டர் சங்கிலி போட்டால் பாறையில் உரசுவது கயிறாக இருக்காது. தண்டில் பெயரையோ எண்ணையோ வெல்டிங்கில் எழுதுங்கள். பெயின்ட் ஒரு மாதம்கூட நிற்காது.

கூலி எவ்வளவு?

டீசல் செலவும், மேலே காவல் இருக்கும் தம்பிக்கு அன்றைய கூலியும். கிடைக்காவிட்டால் டீசல் மட்டும். மீன் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வதில்லை.

உங்களிடம் உள்ளவற்றை வந்து பார்க்கலாமா?

வாருங்கள். ஞாயிறு காலை இரண்டாம் பூசை முடிந்த பிறகு வீட்டில் இருப்பேன். நாற்பதுக்கு மேல் கிடக்கிறது, பெரும்பாலும் நாலு கொக்கிதான். ஒற்றைத் துளைக் கல் ஏழு, பெரிய விசைப்படகு நங்கூரம் மூன்று. உங்களுடையது ஏதாவது காணாமல் போயிருந்தால், வரும்போது எந்த வருஷம், எந்தப் பார், எத்தனை பாகம் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். துணி காயும் வரிசையில் இடமிருந்து நாலாவதாக ஒன்று இருக்கிறது, தண்டில் ஒரு சிலுவையும் ஒரு எழுத்தும் வெட்டியது. அதற்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை.